வெல்கோவுக்குப் பதிலாக

இடைவேளையின்போது ஸ்டாமென் வெல்கோவ் தன் சொந்தக் கழகத்தின் பயிற்சியாளருடைய மூக்கை உடைத்தார். ஹவுன்ஸ்லோ மைதானத்தின் உடைமாற்றும் அறையில், ஆட்டக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அது நடந்தது.

காரணம் ஒரு தலையாட்டல். ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் டெரி, அணித் தலைவனை வெளியே எடுக்கவா என்று கோட்டருகில் நின்று சைகையால் கேட்டிருந்தார். வெல்கோவ் தன் இருக்கையிலிருந்து தலையை இடம் வலமாக ஆட்டினார். பல்கேரியர்களுக்கு அது சம்மதம். ஆங்கிலேயரான டெரி அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் அதே ஆட்டக்காரன் விட்ட பிழையில் கோல் விழுந்தது.

கழகத்தின் நிர்வாகியான பரமேஸ்வரன் இருவருக்கும் இடையில் புகுந்து விளக்கப் பார்த்தார். அவர் பல்கேரிய மொழியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வெல்கோவின் நெற்றி டெரியின் முகத்தில் மோதியது. கையைக்கூட ஓங்கவில்லை. டெரி வாங்குப் பலகையில் சரிந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரல்களுக்கிடையால் இரத்தம் வடிந்து சீமெந்துத் தரையில் சொட்டியது. வெல்கோவ் கைக்குட்டையை எடுத்து முதலில் தன் நெற்றியைத் துடைத்தார். பிறகு அதையே டெரியிடம் நீட்டினார்.

டெரி போலீசுக்குப் போகவில்லை. அடுத்த சனிக்கிழமை மூக்கில் கட்டோடு வேலைக்கு வந்தார். மூக்கு உடைந்த அன்று வீட்டுக்குப் போன பரமேஸ்வரன் நடந்ததைச் சொன்னபோது அவருடைய மனைவி சுசிலா, உங்கள் முறையும் வரும் என்று மட்டும் சொன்னார்.

பரமேஸ்வரன் பருத்தித்துறைக்காரர். எண்பதுகளில் புலமைப்பரிசில் கிடைத்துக் கட்டடப் பொறியியல் படிக்கப் பல்கேரியத் தலைநகர் சோபியாவுக்குப் போனவர், ஊரில் சண்டை மூண்டதால் அங்கேயே தங்கிவிட்டார். சுசிலாவையும் அங்கே அழைத்துத்தான் கலியாணம் செய்தார். பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இருவரும் அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்து, ரெய்னர்ஸ் லேனில் குடியேறினார்கள். சுசிலா ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளராக வேலை பார்த்தார். பரமேஸ்வரன் வீடுகளைப் பெருப்பித்துக் கட்டிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்.

வெல்கோவ் அவரைக் கண்டுபிடித்தது அப்படித்தான். ஹரோவில் வெல்கோவ் வாங்கிய வீட்டுக்குக் கூரை மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. சாரத்தின் மேல் நின்ற பல்கேரிய வேலையாள் ஒருவனைப் பரமேஸ்வரன் கீழே நின்று அவனுடைய மொழியிலேயே திட்டினார். சோபியாவின் பேருந்துச் சாரதிகள் திட்டும் திட்டு அது. கார்க் கதவைத் திறந்து இறங்கிய வெல்கோவ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வருடம் ஹவுன்ஸ்லோவில் நொடிந்துபோயிருந்த ஓர் உதைபந்தாட்டக் கழகத்தை அவர் வாங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பைப் பரமேஸ்வரனிடம் கொடுத்தார். பரமேஸ்வரன் இளவயதில் பருத்தித்துறையில் இடதுபக்கத்தால் பந்தைக் கொண்டு ஓடியவர். மறுக்க அவரால் முடியவில்லை. எல்லோரும் பயப்படும் ஒரு மனிதருக்குப் பக்கத்தில் இருப்பது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வெல்கோவ் யார் என்று தெரியாமல் அவர் சேரவில்லை. வெல்கோவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். டான்யூப் ஆற்றங்கரைப் பட்டணம் ஒன்றில் சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் அவர். சிறு வயதிலேயே மல்யுத்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். கம்யூனிச ஆட்சி விழுந்ததும் மல்யுத்த வீரர்களுக்கு அரசாங்கம் சோறு போடுவதை நிறுத்தியது. அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடைகளுக்குப் போனார்கள். கடைக் கண்ணாடியில் அவர்களுடைய ஒட்டுத்தாள் இருந்தால் கடை எரியாது. இல்லாவிட்டால் எரியும். அதற்குக் காப்புறுதி என்று பெயர் வைத்தார்கள். வெல்கோவ் அதிலிருந்து லொறிகளுக்கும் பெற்றோல் நிலையங்களுக்கும் போனார்.

பட்டணத்துக் கழகத்தின் தலைவரை ஒரு நாள் மைதானத்து வாசலில் யாரோ சுட்டுக் கொன்றார்கள். அந்த நாற்காலியில் உட்கார ஒருவரும் முன்வரவில்லை. வெல்கோவ் உட்கார்ந்தார். அணியை முதற்பிரிவுக்குக் கொண்டுவந்தார். சனம் அவர் பேரில் பாட்டுக் கட்டிப் பாடியது. கோல்காப்பாளன் ஓர் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று தெரிந்த அன்று, அணியின் பேருந்துக் கதவில் அவனுடைய விரல்களை வைக்கச் சொல்லி, சாரதியைக் கதவை மூட வைத்தார். மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே இருக்கைகளில் இருந்தார்கள்.  இதை ரக்கியாச் சாராயம் குடித்துக்கொண்டே அவர் சொன்னபோது குரலில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை.

உதைபந்தாட்டத்திலிருந்து அரசியலுக்கு வந்தார். நகரசபைக்குத் தெரிவானார். பிறகு மேயர் பதவிக்கு நின்று மயிரிழையில் தோற்றார். தோற்ற கிழமையே அவருடைய தம்பி ஓக்னியான், பாண் வாங்கிவரவென்று அண்ணனின் காரை எடுத்தான். திறப்பைத் திருகியதும் கார் வெடித்தது. தம்பியின் உடலில் அடக்கம் செய்ய மிஞ்சியது கொஞ்சம்தான். வெல்கோவ் தம்பியின் மகன் கலோயனைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டார். ஓக்னியானின் மனைவி மட்டும் ஊரைவிட்டு வர மறுத்துவிட்டாள்.

கலோயனுக்கு இப்போது முப்பது வயதிருக்கும். பெரியப்பாவின் காரை அவன்தான் ஓட்டுவான், லண்டனிலும் சரி, ஊருக்குப் போனாலும் சரி. அதிகம் பேசமாட்டான். பரமேஸ்வரனைச் 'சிச்சோ பரம்' என்று கூப்பிடுவான். அவர்களுடைய மொழியில் சிச்சோ என்றால் சித்தப்பா. பிள்ளையில்லாத சுசிலா அவன் வரும் நாட்களில் இரண்டு கறி கூடுதலாக வைப்பார். உறைப்பில் கண்ணீர் வழிய வழிய அவன் சாப்பிடுவான்.

டெரி அடிவாங்கிய அதே ஆண்டு கோடையில் வெல்கோவ் மறுபடியும் மேயர் தேர்தலில் நிற்கப்போவதாக ஹவுன்ஸ்லோ மைதானத்தின் நடுவில் நின்று ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டார். ஊரைத் திருடியவர்களைத் துரத்த வருகிறேன் என்றார். இரண்டு நாட்களில் அவருடைய பெற்றோல் நிலையங்களில் ஒன்று எரிந்தது. அங்கே வேலை செய்த ஒருவர் கருகி இறந்தார். வெல்கோவ் செய்தியைக் கேட்டுவிட்டு, பயப்படுகிறார்கள் என்றார். பயணச்சீட்டைப் பதிவுசெய்யும்படி பரமேஸ்வரனிடம் சொன்னார். எந்த நாள், எந்த விமானம், அங்கே எந்தக் கார் என்பது வெல்கோவ், கலோயன், பரமேஸ்வரன் மூவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பரமேஸ்வரன் மைதானத்துக் கட்டடத்தில் தனியாக இருந்தார். உடைமாற்றும் அறையில் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்கப் போயிருந்தார். இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். வயதில் மூத்தவன் பல்கேரிய மொழியில் மரியாதையாக வணக்கம் சொல்லி, கதவைச் சாத்தினான். வெல்கோவ் எந்த நாள் ஊருக்கு வருகிறார் என்று கேட்டான்.

தெரியாது என்றார் பரமேஸ்வரன். மற்றவன் மூலையில் சாத்தியிருந்த கொடிக்கம்புகளில் ஒன்றை எடுத்து அவருடைய முழங்கால்களின் பின்பக்கம் அடித்தான். விழுந்தவரை எழவிடவில்லை. விலாவில் மிதித்தார்கள். தலையைப் பிடித்துக் குழாயில் மோதியபோது இடது காதுக்குள் ஏதோ கிழிந்து, அந்தப் பக்கம் ஓசை நின்றுபோனது. மூத்தவன் ஒவ்வொரு முறையும் அதே கேள்வியை அதே குரலில் கேட்டான். பிறகு அவருடைய சின்னவிரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். அது முறிந்தது.

நாள் அவருடைய வாய்க்குள் இருந்தது. சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றும் தெரிந்தது. வெல்கோவின் முகம் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அந்தக் காரை ஓட்டப்போகிறவன் கலோயன் என்பதுதான் வந்தது. உறைப்பில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டை நீட்டும் கலோயன். அவர் பற்களைக் கடித்துக்கொண்டார். வெளியே புல்வெட்டும் இயந்திரத்தின் சத்தம் நெருங்கி வந்ததும் இருவரும் கம்பைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

மூன்று விலா எலும்புகள் உடைந்திருந்தன. காதுச் சவ்வு கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்து விசாரித்த போலீசிடம் அவர் இருவருடைய முகத்தையும் விவரித்தார். அவர்கள் அன்றைக்கே நாட்டைவிட்டுப் போய்விட்டதாகப் பிறகு தெரியவந்தது.

அவர் வீடு திரும்பிய மறுநாள் காலை வெல்கோவ் திராட்சைப்பழத்தோடு வந்தார். சுசிலா தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டுவிட்டுக் குசினியில் நின்றார். வெல்கோவ் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து, பரமேஸ்வரனின் கட்டுப்போட்ட கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்ன கேட்டார்கள் என்று விசாரித்தார். பரமேஸ்வரன் சொன்னார்.

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

வெல்கோவ் புன்னகைத்தார். கோபித்துக்கொள்ள மாட்டேன், உண்மையைச் சொல் என்றார். பரமேஸ்வரன் அதையே திரும்பச் சொன்னார். வெல்கோவின் முகம் மெல்ல மாறியது.

"பரம், நான் எத்தனையோ பேரை இப்படிக் கேட்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டவன் ஒருவன்கூட இல்லை. சொல்லாதவனை உயிரோடு விட்டுப் போகவும் மாட்டோம். நீ உயிரோடு இருக்கிறாய்."

அடுத்த கணம் அவருடைய இரண்டு பெருவிரல்களும் பரமேஸ்வரனின் தொண்டையில் இருந்தன. எந்த நாளைச் சொன்னாய், எந்தக் காரைச் சொன்னாய் என்று பற்களுக்கிடையால் கேட்டபடி சோபாவோடு சேர்த்து அமுக்கினார். உடைந்த விலா எலும்புகளின் மேல் அவருடைய முழங்கால் இருந்தது. பரமேஸ்வரனால் மூச்செடுக்க முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கால்கள் தானாக உதைத்தன. திராட்சைப்பழங்கள் தரையில் சிதறின.

சுசிலா கொதித்த கேத்தலோடு வந்து வெல்கோவின் பிடரியில் ஊற்றினார். கொஞ்சமல்ல, முழுவதையும் ஊற்றினார். அந்தப் பெரிய உடம்பு ஊளையிட்டுக்கொண்டு தரையில் விழுந்து, சட்டையைப் பிய்த்தது. சுசிலா வெறும் கேத்தலைத் தூக்கிப் பிடித்தபடி, வெளியே போ என்று பல்கேரிய மொழியில் சொன்னார். நாயைச் சொல்வதுபோல ஒருமையில் சொன்னார். வெல்கோவ் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார்.

போலீசுக்குப் போன் அடிக்க வேண்டாம் என்று பரமேஸ்வரன் கையால் காட்டினார். அவருக்குக் குரல் வரவில்லை. சுசிலா அதைப் பார்த்தபடியே போனை எடுத்தார்.

அன்று மாலையே வெல்கோவைக் கைதுசெய்தார்கள். கழுத்தை நெரித்ததாக வழக்குப் பதிவானது. நீதிமன்றம் அவரைப் பிணையில் விட்டது. கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், பரமேஸ்வரன் வீட்டுப் பக்கமே போகக்கூடாது என்று நிபந்தனை. தேர்தலுக்கு அதிக நாள் இருக்கவில்லை. வேட்பாளர் லண்டனில் மாட்டிக்கொண்டார்.

கலோயன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். சாப்பிடச் சொன்னபோது வேண்டாம் என்றான். நீண்ட நேரம் பரமேஸ்வரனின் கழுத்தில் இருந்த நீலத் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, பெரியப்பா செய்ததற்கு மன்னிப்புக் கேட்டான். முறைப்பாட்டைத் திரும்பப் பெற்றால் கடவுச்சீட்டை விடுவிக்கலாம் என்று வழக்கறிஞர் சொல்வதாகச் சொன்னான்.

"இல்லாவிட்டால் கூட்டங்களில் நான்தான் போய்ப் பேசவேண்டும், சிச்சோ பரம். எனக்குப் பேச வராது. உங்களுக்கே தெரியும்."

அதை அவன் சிரித்துக்கொண்டு சொன்னான். நீ போகாதே என்றார் பரமேஸ்வரன். போகாமல் எப்படி என்று கேட்டான் கலோயன். அம்மா அங்கே இருக்கிறாள், அவளையும் பார்க்கலாம் என்றான். அப்பாவின் கல்லறைக்கும் போய் வெகுநாளாகிறது.

அவன் போனபின் பரமேஸ்வரன் போலீஸ் அதிகாரியின் இலக்கத்தைத் தேடினார். சுசிலா போனை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"கழுத்தை நெரிச்சவனுக்கு நீங்களே கதவைத் திறந்து விடப்போறீங்களோ?"

"அந்தப் பெடியன் போகப்போறான், சுசி."

"அவனைப் போகச் சொல்லுறது ஆர்? நாங்களோ? பெரியப்பன் தானே. அவர் தேர்தல விட்டா அவன் ஏன் போறான்?"

 சுசிலா சொன்னது சரி. ஆனாலும் மறுநாள் காலை அவர் சுசிலாவுக்குத் தெரியாமல் கலோயனுக்குப் போன் எடுத்தார். அவன் அதற்குள் விமானத்தில் ஏறிவிட்டிருந்தான்.

கலோயன் ஊரில் நான்கைந்து கூட்டங்களில் பேசினான். பேச வராதவன் என்பதாலேயே சனத்துக்கு அவனைப் பிடித்துப்போனது. வெடித்துச் செத்த ஓக்னியானின் மகன் என்று கிழவிகள் வந்து அவன் கன்னத்தைத் தடவினார்கள். பரமேஸ்வரன் அந்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில் அவன் வியர்த்து, வார்த்தை மறந்து, நின்றுவிட்டான். கூட்டம் கைதட்டியது.

சந்தைக்கு முன்னால் கூட்டம் முடித்துக் காரில் ஏறும்போது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவனைச் சுட்டார்கள். முதல் வெடி தோளில் பட்டது. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். அடுத்தது முகத்தில் பட்டது. பட்டப்பகலில், பெட்டைப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நின்ற இடத்தில் நடந்தது. செத்தவர்களின் படத்தை அச்சடித்து மரங்களிலும் கதவுகளிலும் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். மறுநாள் பட்டணம் முழுவதும் கலோயனின் முகம் ஒட்டியிருந்தது. சோபியாக் காலத்து நண்பர் ஒருவர் அதைப் படமெடுத்துப் பரமேஸ்வரனுக்கு அனுப்பினார். சுசிலா அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

வெல்கோவால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. கடவுச்சீட்டை நீதிமன்றம் திருப்பித் தரவில்லை. கலோயனை மண்ணுக்குள் இறக்குவதை அவர் ஹரோவில் இருந்துகொண்டு போனில் பார்த்தார்.

அடுத்த நாள் காலை அவர் ரெய்னர்ஸ் லேனுக்கு வந்தார். கதவைத் திறந்த சுசிலா உடனே சாத்தப் பார்த்தார். வெல்கோவ் காலை உள்ளே வைத்துத் தடுத்தார். ஆனால் உள்ளே வரவில்லை. கழுத்தின் பின்பக்கம் வெந்த தோல் உரிந்து சிவந்திருந்தது. சவரம் செய்யாத முகம். பரமேஸ்வரன் சுசிலாவை விலக்கிவிட்டு வாசலுக்கு வந்தார். பின்னால் சுசிலா போனில் போலீசுக்கு முகவரி சொல்வது இருவருக்குமே கேட்டது.

"நீ அன்றைக்கு நாளைச் சொல்லியிருக்கலாம்" என்றார் வெல்கோவ். "சொல்லியிருந்தால் நான் செத்திருப்பேன். அவன் இருந்திருப்பான். ஏன் சொல்லவில்லை?"

"இப்போது நம்புகிறாயா, நான் சொல்லவில்லை என்று?"

"நம்புகிறேன். எனக்காக ஏன் அத்தனை அடியை வாங்கினாய்? நான் உனக்கு என்ன செய்தேன்?"

பரமேஸ்வரன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். விலா இன்னும் வலித்தது.

"உனக்காக இல்லை, ஸ்டாமென். அந்தக் காரை ஓட்டப்போனவன் கலோயன். உன்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை."

வெல்கோவ் அதை விளங்காதவர்போல நின்றார்.  பிறகு அவருடைய வலது கை மேலே எழுந்தது. அடிக்கப்போகிறார் என்று பரமேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வெல்கோவ் தன் முகத்திலேயே குத்திக்கொண்டிருந்தார். முழு பலத்தோடு, கண்ணிலும் வாயிலும், ஒரு மல்யுத்தக்காரனின் முஷ்டியால். உதடு பிளந்தது. பரமேஸ்வரன் அந்தக் கையைப் பிடிக்கப் பார்த்தார். ஒற்றைக் கையால் முடியவில்லை. சுசிலா ஓடிவந்து மற்றப் பக்கத்தால் பிடித்தார். இருவரும் சேர்ந்து தொங்கியும் அவர் இன்னும் இரண்டு முறை குத்திக்கொண்டார்.

பிறகு அவர் வீட்டின் முன்மதிலில் போய் உட்கார்ந்தார். ஓடிப்போக நேரம் இருந்தது, போகவில்லை. தெருவில் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போன தாய்மார் மறுபக்கத்து நடைபாதைக்கு மாறிப் போனார்கள். போலீஸ் வந்ததும் தானாகவே கைகளை நீட்டினார்.

பிணை நிபந்தனையை மீறியதால் வழக்கு முடியும்வரை சிறையிலேயே வைத்தார்கள். விசாரணை நடக்கவில்லை, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். தேர்தலில் பழைய மேயரே மறுபடியும் வென்றார். கலோயனைச் சுட்டவர்கள் பிடிபடவில்லை. ஹவுன்ஸ்லோக் கழகம் அந்தப் பருவத்தோடு கலைந்தது.

தண்டனை முடிந்ததும் வெல்கோவைப் பல்கேரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே தன் பட்டணத்துக்குப் போய் ஓக்னியானின் வீட்டுக் கதவைத் தட்டினாராம். கலோயனின் தாய் ஜன்னலைத் திறந்து, அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாளாம். அதே சோபியா நண்பர்தான் போனில் சொன்னார். வெல்கோவ் பகல் முழுவதும் அந்தப் படியிலேயே இருந்துவிட்டுப் போனார் என்றும், மறுநாளும் வந்தார் என்றும், அவள் ஒரு நாளும் கதவைத் திறக்கவில்லை என்றும் சொன்னார்.

பரமேஸ்வரன் கேட்கும் காதில் போனை வைத்திருந்தார். என்ன சொல்லுறார் என்று சுசிலா கேட்டார். பரமேஸ்வரன் சொன்னார்.

"திறக்கக்கூடாது" என்றார் சுசிலா.

பரமேஸ்வரன் தலை குனிந்தபடி, "ஓம், திறக்கக்கூடாது" என்றார்.